குடம் ஏன் தட்டையாக வருகிறது?

மலேசியாவில் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார்: "என் மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். கோலம், மயில், பூ எல்லாம் நன்றாக வரைவாள். ஆனால் வீட்டில் இருக்கிற குவளை, குடம், பிஸ்கட் டின் இவற்றை வரையச் சொன்னால் தாளில் ஒட்டிவைத்த மாதிரி தட்டையாக வருகிறது. உருளை, கூம்பு, கனச்சதுரம் எல்லாம் கணிதத்தில் படித்திருக்கிறாள். அவற்றை வைத்தே எந்தச் சாமானையும் வரையலாம் என்கிறார்கள். எங்கே தொடங்குவது?"

ஐயா, மயில் வரைகிற கைக்குக் குடம் வராமல் போகாது. கையில் குறை இல்லை. அவள் வரைந்த குவளைப் படம் ஒன்றை எடுத்து, அடிப்பக்கத்தை மட்டும் பாருங்கள். வாய் நீள்வட்டமாக இருக்கும், அடி நேர்கோடாக இருக்கும். பத்தில் எட்டுப் பிள்ளைகள் அப்படித்தான் போடுகிறார்கள். நானும் அப்படித்தான் போட்டேன்.

நான் ஜார்ஜ்டவுனில் கடைப் பலகை எழுதிப் பிழைத்தவன். இப்போது சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வரையக் கற்றுத் தருகிறேன். தொழிலுக்கு வந்த இரண்டாவது வருஷம், ஒரு பாத்திரக் கடைப் பலகையில் பித்தளைக் குடம் ஒன்று வரையச் சொன்னார்கள். மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தேன். மஞ்சளும் காவியும் கலந்து மினுமினுப்பெல்லாம் கொண்டுவந்துவிட்டேன். என் குரு எதிர்ச்சாரியில் நின்று அண்ணாந்து பார்த்தார். "தம்பி, வாயை மேலே நின்று பார்த்திருக்கிறாய், அடியைத் தரையில் படுத்துப் பார்த்திருக்கிறாய். குடம் ஒன்று, பார்க்கிற ஆள் இரண்டா?" என்றார். இன்றைக்கும் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது அந்த ஒரு கேள்வியைத்தான்.

குவளை மேசையில் ஆடாமல் உட்காருகிறது, ஆகவே அதன் அடி தட்டை என்று நமக்குத் தெரியும். அந்தத் தெரிந்த விஷயத்தைக் கை வரைந்துவிடுகிறது. கண் பார்த்தது வேறு. அடியும் ஒரு வட்டம்தான், மேலிருந்து பார்க்கும்போது அதுவும் வளைந்துதான் தெரியும். இந்த இடத்தைச் சரிசெய்தாலே பாதிச் சாமான்கள் தாளில் எழுந்து நின்றுவிடும்.

இதை வாயால் விளக்குவதைவிட ஒரு தட்டைக் கையில் கொடுத்துவிடலாம். சாப்பாட்டுத் தட்டை இரண்டு கையாலும் படுக்கை வசமாகப் பிடித்து, கண்ணுக்கு நேராக உயர்த்தச் சொல்லுங்கள். தட்டு ஒரு கோடாகத் தெரியும். அப்படியே மெதுவாக இறக்கச் சொல்லுங்கள். கோடு வாய் திறந்து ஒல்லியான நீள்வட்டமாகும், இறங்க இறங்க அகலத் திறக்கும், மடியில் வைத்துக் குனிந்து பார்த்தால் ஏறக்குறைய முழு வட்டம். தட்டு மாறவில்லை, கண்மட்டத்திலிருந்து அது எவ்வளவு கீழே இருக்கிறது என்பதுதான் மாறுகிறது. தலைக்கு மேலே தூக்கினாலும் திறக்கும், ஆனால் அப்போது தட்டின் அடிப்புறம் தெரியும். ஐந்து நிமிஷ வேலை இது. தட்டை இரண்டு மூன்று தரம் ஏற்றி இறக்கிப் பார்க்கட்டும்.

கணக்கில் விருப்பமுள்ள பிள்ளை என்றால் இதையும் சொல்லலாம். மேசையில் இருக்கும் குவளையின் வாயைவிட அவள் கண் 40 செண்டிமீட்டர் உயரத்தில், 70 செண்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். அவள் பார்வை ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் இறங்குகிறது. அந்தச் சரிவில் ஒரு வட்டத்தின் உயரம் அதன் அகலத்தில் பாதியாகத் தெரியும். வாய் 8 செண்டிமீட்டர் அகலம் என்றால் 4 செண்டிமீட்டர் உயரமுள்ள நீள்வட்டம். குவளையின் அடி இன்னும் 12 செண்டிமீட்டர் கீழே இருக்கிறது. அங்கே பார்வை 36 பாகையைத் தாண்டிச் சரிகிறது. அதே 8 செண்டிமீட்டர் அகலத்துக்கு உயரம் 5-ஐ நெருங்கிவிடும். ஆக, நேர்கோடு என்று நினைத்த அடிதான் வாயைவிட அதிகமாக வளைந்திருக்கிறது! முதல் தடவை இதை அளந்து காட்டும்போது பிள்ளைகள் நம்புவதில்லை. பென்சிலை நீட்டிப் பிடித்துத் தாங்களே அளந்து பார்த்த பிறகுதான் நம்புவார்கள்.

சரி, நீள்வட்டத்தை எப்படிப் போடுவது? இங்கே உங்கள் மகளுக்குக் கோலம் கைகொடுக்கும். ஒரு கூட்டல் குறி போடட்டும், படுக்கைக்கோடு நீளம், நிற்கும் கோடு குட்டை. நான்கு முனையிலும் ஒரு புள்ளி. அப்புறம் சிக்குக்கோலத்தில் புள்ளியைச் சுற்றி இழை ஓடுகிற மாதிரி நான்கு புள்ளியையும் தொட்டுக்கொண்டு ஒரே ஓட்டமாகச் சுற்றி வரட்டும். மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு போடக்கூடாது, தோளிலிருந்து கை அசைய வேண்டும். வாசலில் குனிந்து மாவு விடும்போது அப்படித்தானே அசைகிறது. தாளைத் தொடாமல் இரண்டு சுற்று காற்றில் சுற்றிவிட்டு, மூன்றாவது சுற்றில் பென்சிலை இறக்கினால் கோடு நடுங்காது. இடது வலது ஓரங்கள் கூர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாவிலை மாதிரி முனை கூர்ந்தால் அது நீள்வட்டம் இல்லை. வட்டத்துக்கு எங்கேயும் மூலை கிடையாது, எந்தச் சரிவில் பார்த்தாலும் கிடையாது.

முதல் சாமானாக மைலோ டின்னை வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி இல்லை, வளைவு இல்லை, சுத்தமான உருளை. முதலில் நடுவில் மெல்லிசாக ஒரு நிற்கும் கோடு, அதுதான் அச்சு. அதன் மேல்முனையில் மூடியின் நீள்வட்டம், கீழ்முனையில் இன்னும் கொஞ்சம் திறந்த நீள்வட்டம். கீழே இருப்பதை முழுசாக வரைய வேண்டும். பின்பாதி கண்ணுக்குத் தெரியாதே என்பாள். தெரியாவிட்டாலும் டின்னுக்குப் பின்பக்கம் இருக்கிறதல்லவா. கண்ணாடியில் செய்த டின் என்று நினைத்துக்கொண்டு சுற்றி வரைந்துவிட்டு, கடைசியில் பின்பாதியை லேசாக அழித்துவிடலாம். முன்பாதியை மட்டும் வரைகிறவர்களுக்கு வளைவு எப்போதும் குறைந்துபோகும், அல்லது இரண்டு ஓரத்திலும் மூலை தட்டும்.

இப்படி ஊடுருவிப் பார்த்து வரைவதற்கு நல்ல துணை, மாமாக் கடையில் தே ஓ, அதாவது பால் விடாத தேநீர், வரும் கண்ணாடிக் குவளை. ஒரு நாள் அவளைக் கூட்டிப்போய் வாங்கிக்கொடுத்து, குடிக்கவிடாமல் பத்து நிமிஷம் வரையச் சொல்லுங்கள். வாயின் வளையம் ஒன்று, தேயின் மட்டம் இரண்டு, அடி மூன்று. தே குறையக் குறைய நடு வளையம் இறங்கும், இறங்கும்போதே திறந்துகொள்ளும். முன்னும் பின்னும் சேர்ந்து தெரிவதால் அதில் ஏமாற்ற முடியாது. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்து உஃபிட்சி கூடத்தில் ஒரு பழைய கோட்டோவியம் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டு ஓவியர் பவுலோ உச்செல்லோ வரைந்தது என்று சொல்வார்கள். ஒரே ஒரு கிண்ணம்தான். அதை வெளிக்கோடாக வரையாமல், நூற்றுக்கணக்கான சிறு கட்டங்களாலான கூண்டு மாதிரி, பின்பக்கமும் தெரிய வரைந்திருக்கிறார். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் முப்பரிமாண உருவம் செய்கிறவர்கள் பார்த்தால் தங்கள் வேலை என்றே நினைப்பார்கள். முடிந்தால் அதன் படத்தைத் தேடி மகளுக்குக் காட்டுங்கள். நான் எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன், இன்னும் அலுக்கவில்லை.

டின் வந்துவிட்டால் டிபன் கேரியர். மலாய்க்காரர்கள் திங்காட் என்று சொல்வார்களே, அந்த நாலு அடுக்குப் பாத்திரம். இதைவிட நல்ல வாத்தியார் அடுப்பங்கரையில் இல்லை. ஒரே அச்சில் நான்கு உருளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. ஒவ்வொரு அடுக்கின் விளிம்பும் ஒரு நீள்வட்டம். மேலேயுள்ள விளிம்பு ஒல்லி, அடுத்தது சற்றுத் திறந்தது, கடைசி நன்றாகத் திறந்தது. விளிம்பெல்லாம் ஒரே அளவில் வளைந்தால் பாத்திரம் தட்டையாகிவிடும், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வளைந்தால் ஆடிக்கொண்டு நிற்கும். ஓரத்துக் கம்பிப்பிடியை முதலில் தொட வேண்டாம். நான்கு அடுக்கும் சரியாக நின்ற பிறகு, கம்பி இரண்டு பக்கமும் விளிம்புகளின் ஓரப்புள்ளிகளைத் தொட்டுக்கொண்டு இறங்குகிறதா என்று பார்த்துப் போடலாம்.

இப்போது குடம். குடத்தை வெளிக்கோட்டிலிருந்து தொடங்கினால் இடது தோளும் வலது தோளும் ஒருபோதும் ஒத்துப்போகாது. அதற்குள் என்ன உருவங்கள் இருக்கின்றன என்று பிரித்துப் பாருங்கள். வயிறு, லேசாக அமுக்கிய ஓர் உருண்டை. கழுத்து, குட்டையான உருளை. வாய், மேல்நோக்கி விரியும் கூம்பின் ஒரு துண்டு, அதன் ஓரத்தில் தடித்த விளிம்பு. மூன்றுக்கும் ஒரே அச்சு. அச்சை முதலில் நிறுத்தி, அதில் வயிற்றின் அகலமான இடம், தோள் முடியும் இடம், கழுத்து, வாய் என்று நான்கு இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றிலும் ஒரு நீள்வட்டம். பிறகு அந்த வளையங்களின் ஓரங்களைத் தொட்டுக்கொண்டு வெளிக்கோடு தானாக இறங்கி வரும். கடைசியாக வர வேண்டிய கோட்டை நாம் முதலில் போடுகிறோம், கோளாறு அங்கேதான்.

ஒரு விஷயத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு எடுத்துப்போகும் பால்குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் மூன்று விரலால் திருநீறு பூசியிருப்பார்கள், கழுத்தில் மஞ்சள் துணியை நூலால் கட்டியிருப்பார்கள். அந்தப் பட்டைகளை நேராக இழுத்தால், எவ்வளவு அழகாக வர்ணம் தீட்டினாலும் குடம் அட்டையில் வெட்டியதுபோல் இருக்கும். வயிற்றின் வளைவோடு சேர்ந்து, நடுவில் தொய்ந்து ஓரங்களில் ஏறும்படி இழுத்தால், வேறு எதுவும் செய்யாமலே வயிறு புடைத்துக்கொண்டு முன்னால் வரும். கழுத்து நூலும் அப்படியே. நான் பிள்ளைகளிடம் ஒரு வெற்று வட்டத்தைக் கொடுத்து, அதில் மூன்று பட்டையை நேராக ஒரு தரம், வளைவாக ஒரு தரம் போடச் சொல்வேன். ஒன்று தட்டு, மற்றது உருண்டை. அப்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மைலோ டின்னின் எழுத்துக்கும் இதே முறைதான். பலகை எழுதியவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். எழுத்துகள் டின்னின் வளைவில் உட்கார வேண்டும், ஓரத்துக்குப் போகப்போக ஒவ்வோர் எழுத்தும் குறுக வேண்டும்.

பிஸ்கட் டின் மாதிரிச் சதுரச் சாமான்களுக்குப் புதுச் சட்டம் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் முதலில் முன்முகத்தை அச்சடித்த சதுரமாகப் போட்டுவிட்டு, மூலைகளிலிருந்து சாய்ந்த கோடுகளை ஒட்டவைப்பார்கள். கணிதப் புத்தகத்தில் கனச்சதுரம் அப்படித்தான் இருக்கிறது. அந்தப் படம் எத்தனை முகம், எத்தனை விளிம்பு என்று எண்ணுவதற்காகப் போட்டது, கண்ணால் பார்த்துப் போட்டது இல்லை. டின்னை ஒரு மூலை உங்களைப் பார்க்கும்படி திருப்பி வையுங்கள். மிக அருகில் இருக்கிற நிற்கும் விளிம்பை முதலில் போடுங்கள். நிற்கும் விளிம்புகள் எல்லாம் நிமிர்ந்தே இருக்கட்டும். மேலும் கீழும் விலகிப் போகிற கோடுகளை நீட்டினால் அவை கண்மட்டத்தில் இடப்பக்கம் ஓர் இடத்திலும் வலப்பக்கம் ஓர் இடத்திலும் சேரும். அந்த இடங்கள் பெரும்பாலும் தாளுக்கு வெளியே விழும், ஆகவே புள்ளி குத்தித் தேட வேண்டாம். ஒன்றை மட்டும் பார்த்தால் போதும்: அடிக்கோடு மேல்கோட்டைவிட அதிகமாகச் சாய்ந்திருக்கிறதா? குவளையின் அடி வாயைவிட அதிகம் வளைந்ததே, அதே காரணம்தான் இங்கேயும்.

பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிற குவளையை வரையும்போது மட்டும் ஒரு சங்கடம் வரும். அப்போது நீள்வட்டம் படுக்கையாக இருக்காது. அச்சு எந்தப் பக்கம் சாய்கிறதோ, நீள்வட்டத்தின் நீளமான கோடு அதற்குச் செங்குத்தாக நிற்கும். வண்டிச் சக்கரமும் அச்சாணியும் போல என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடும்.

உருளை, உருண்டை, கூம்பு என்று பேசும்போது யாராவது செசான் பெயரைச் சொல்வார்கள். பிரெஞ்சு ஓவியர் பால் செசான் 1904-இல் எமில் பெர்னார் என்ற இளைய ஓவியருக்கு எழுதிய கடிதத்தில், இயற்கையை உருளை, உருண்டை, கூம்பு வழியாகக் கையாள வேண்டும் என்றார். கனச்சதுரத்தை அவர் சொல்லவில்லை, பிற்பாடு வந்தவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். அவருடைய மேசைப் படங்களில் கிண்ணத்தின் வாய் சில இடங்களில் வேண்டுமென்றே கோணியிருக்கும். விதியைக் கையில் வைத்திருந்த ஒருவர் செய்த முடிவு அது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு இப்போது அது வேண்டாம்.

கைப்பிடி, மூக்கு இவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனாமல் குவளையின் காது ஒரு கோடு இல்லை, வளைத்த பட்டை, அதற்கும் தடிப்பு உண்டு. அது உடம்பில் ஒட்டுகிற இரண்டு இடங்களும் ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாக இருக்க வேண்டும். கெண்டியின் மூக்கு, வளைந்த கூம்பு. குவாலி என்கிற வாணலி, உருண்டையில் வெட்டி எடுத்த ஒரு மூடி. உரல், உச்சி வெட்டிய கூம்புக்குள் ஒரு பள்ளம். இனி அவளே வீட்டைச் சுற்றிவந்து ஒவ்வொரு சாமானுக்குள்ளும் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். குத்துவிளக்கை மட்டும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதில் எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு உருவங்கள் அடுக்கியிருக்கும், சின்னக் கைக்கு அலுத்துவிடும்.

உருவம் நின்ற பிறகுதான் நிழல். தட்டையாக வந்த படத்தை நிழலால் சரிக்கட்டலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். முடியாது. தட்டையான குடத்தின்மேல் நிழல் அடித்தால் அழுக்கான தட்டைக் குடம்தான் கிடைக்கும். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வர வேண்டும். பினாங்கு பூமத்தியரேகைக்கு வடக்கே ஐந்து பாகைச் சொச்சத்தில் இருப்பதால் உச்சிப்பொழுதில் சூரியன் ஏறக்குறையத் தலைக்கு மேலேயே நின்றுவிடும், நிழல் சாமானின் காலடியில் சுருண்டுகொள்ளும். காலை ஒன்பது மணிவாக்கில் ஜன்னல் ஓரத்தில் வைத்து, வீட்டுக் குழல்விளக்கை அணைத்துவிடுங்கள். விளக்கும் எரிந்தால் இரண்டு நிழல் விழுந்து குழப்பும்.

உருண்டையில் கவனிக்க வேண்டியது ஒன்று. மிகக் கருப்பான இடம் விளிம்பில் இல்லை, விளிம்புக்குச் சற்று உள்ளே இருக்கிறது. விளிம்பை ஒட்டி மங்கலாக ஒரு வெளிச்சம் தெரியும், மேசையில் பட்ட வெளிச்சம் திரும்பி வந்து அங்கே அடிக்கிறது. அதை விட்டுவைத்தால்தான் உருண்டை பின்பக்கமாகத் திரும்பிப் போகும். சாமான் மேசையைத் தொடுகிற இடத்தில் ஒரு மெல்லிய கருங்கோடு இருக்கும், அதைத் தயங்காமல் அழுத்திப் போடச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் சாமான் மிதக்கும்.

பென்சிலுக்கு, பரீட்சைக்கு வைத்திருக்கிற 2B போதும், நிழலுக்கு ஒரு 4B. சாதாரண டிராயிங் புளோக். அடிக்கோலை ஒளித்துவைத்துவிடுங்கள். ஒரு நாளைக்குக் கால்மணி நேரம், ஒரே டின்னை ஒரு வாரம், ஒவ்வொரு நாளும் வேறு உயரத்தில் வைத்து வரையட்டும்: தரையில், நாற்காலியில், மேசையில், அலமாரி மேல்.

நிழல் பழகுவதற்கு எவர்சில்வர் வேண்டாம். எதிரில் உட்கார்ந்திருக்கிற உங்கள் சட்டைகூட அதில் நெளிந்து தெரியும், வெளிச்சமும் நிழலும் வரிவரியாக உடைந்து பிள்ளையைத் திணறடிக்கும். மண்சட்டி நல்லது, தேங்காய் நல்லது. உங்கள் வீட்டில் பால்குடம் எடுக்கும் வழக்கம் உண்டென்றால், தைப்பூசத்துக்கு முன் குடத்தைப் பரணிலிருந்து இறக்குவீர்கள் அல்லவா? புளி போட்டுத் துலக்குவதற்கு முன்னால், அது மங்கிக் கிடக்கும்போதே ஒரு காலைப்பொழுது அவளிடம் கொடுத்துவிடுங்கள். மங்கிய பித்தளையில் நிழல் உடையாமல் ஒரே சீராக இறங்கும்.